லிஸ்பன் சபர்: போனதும் தங்கியதும்

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





நாங்கள் மேடையில் பேசிப் பழகியவர்கள் அல்ல. ஊருக்கு வந்து 12 நாள் ஆகிறது. விருந்துக்குப் போன வீடுகளில் எல்லாம் ஒரே கேள்விதான். "போர்ச்சுகல் எப்படி?" என்று தொடங்குகிறார்கள், இரண்டாவது வாய் சோறு இறங்குவதற்குள் "ஏஜெண்டுக்கு எவ்வளவு கட்டணும்?" என்று வந்துவிடுகிறார்கள். இரண்டு வீடுகளில் முன்பணமே கொடுத்தாயிற்று. அதில் ஒரு வீட்டில் உம்மாவின் நகை அடகில் இருக்கிறது. அதனால்தான் அறக்கட்டளைப் பெரியவர்கள், வீடு வீடாகச் சொல்வதை எல்லோருக்கும் ஒரே இடத்தில் சொல்லுங்கள் என்று எங்களை நிறுத்தியிருக்கிறார்கள்.

எங்களில் ஒருவர் 2018இல் முன்னால் போனார். மற்றவரும் பிள்ளையும் 2021இல் போய்ச் சேர்ந்தோம். வளைகுடா நாடுகளில் இருந்து பழகிய குடும்பம் எங்களுடையது. அந்த சபர் வேறு, இந்த சபர் வேறு. வளைகுடாவில் வேலை முடிந்தால் ஊர். அங்கே நாம் விருந்தாளி மாதிரியும் இல்லை, வீட்டுக்காரர் மாதிரியும் இல்லை. போர்ச்சுகல்லில் 'தங்கலாம்' என்கிறார்கள். தங்குவது என்றால் என்ன என்பது போன பிறகுதான் விளங்கும்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் பணம் போவது இங்கேதான். 2017இல் அந்த நாட்டுக் குடியேற்றச் சட்டம் இளகியது. சுற்றுலா விசாவில் முறையாக நுழைந்த ஒருவர், வேலை தேடி, சமூகப் பாதுகாப்பு நிதிக்குப் பணம் கட்டி, 'நான் இங்கே தங்க விரும்புகிறேன்' என்று விண்ணப்பிக்கும் வழி அகலமாகத் திறந்தது. நம் நாட்டவரும் வங்காளதேசம், நேபாளம், பாகிஸ்தான்காரர்களும் ஆயிரக்கணக்கில் போனது அந்த வழியில்தான். நாங்களும் அதில் போனவர்களே. அந்தக் கதவு 2024 ஜூன் தொடக்கத்தில் மூடப்பட்டுவிட்டது. பெரியவர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: மூடப்பட்டுவிட்டது. 'டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்று இன்று யாராவது சொன்னால், அவர் பழைய கதையைப் புது விலைக்கு விற்கிறார். வேலை தேடுவதற்கென்று ஒரு விசா 2022இல் வந்தது. 2025இல் அதையும் உயர் தகுதி உள்ளவர்களுக்கு என்று சுருக்கிவிட்டார்கள். குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் விதிகளும் அதே ஆண்டில் இறுகிவிட்டன. இனி முறையான வழி என்றால், இங்கிருந்தே வேலை ஒப்பந்தத்தோடு அதற்குரிய விசா எடுத்துப் போவதுதான், அல்லது படிக்கப் போவது.

சம்பளம் பற்றிக் கேட்கிறீர்கள். 2025இல் அங்கே சட்டப்படி குறைந்தபட்ச மாதச் சம்பளம் 870 யூரோ. அதில் 11 சதவீதம் சமூகப் பாதுகாப்புக்குப் பிடித்தம் போக, கைக்கு வருவது 774 யூரோ சொச்சம். விடுமுறைக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று என்று ஆண்டுக்கு 14 சம்பளம். அது நல்ல ஏற்பாடு. ஆனால் லிஸ்பனில் ஓர் அறைக்கே 400, 500 யூரோ கேட்கிறார்கள். வீடு என்றால் ஒரு சம்பளம் முழுவதும் போதாது. மாதம் 40 யூரோ பாஸ் எடுத்தால் லிஸ்பன் வட்டாரம் முழுக்கப் பேருந்து, ரயில், மெட்ரோ, படகு எல்லாவற்றிலும் போகலாம் என்பதால், நாங்கள் ஆற்றுக்கு அக்கரையில் வாடகை குறைந்த இடத்தில் இருக்கிறோம். யூரோவை ரூபாயால் பெருக்கிப் பார்த்து மயங்குகிறோமே, அந்தக் கணக்கில் வாடகையையும் பெருக்குங்கள்.

அறை வாடகை அதிகம் என்பதால் பையன்கள் அடைந்து கிடக்கிறார்கள். 2023 பிப்ரவரியில் லிஸ்பனின் மொராரியா பகுதியில் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தீப்பிடித்தது. இரண்டு பேர் இறந்தார்கள், இருவரும் இந்தியர்கள், ஒருவருக்கு வயது 14. சின்ன இடத்தில் இருபது பேர் அளவுக்குத் தங்கியிருந்தார்கள் என்று செய்தி வந்தது. தெற்கே ஒதெமிரா என்ற ஊர்ப்பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் பிளாஸ்டிக் கூடாரங்கள். ராஸ்பெர்ரிப் பழம் பறிக்கும் வேலை. 2021இல் கொரோனா பரவி அங்கே இரண்டு ஊர்களை அடைத்தபோதுதான், தொழிலாளர்கள் எப்படி ஒரே அறையில் அடுக்கப்பட்டிருக்கிறார்கள் என்பது அந்த நாட்டு மக்களுக்கே தெரிய வந்தது. ஊருக்கு அனுப்பும் புகைப்படத்தில் கடற்கரையும் டிராம் வண்டியும்தான் இருக்கும். படுக்கையைப் படம் எடுத்து யாரும் அனுப்புவதில்லை.

இப்போது தாய்மார்கள் கவனிக்க வேண்டியது. எங்களுக்கு அதிகக் கஷ்டம் கொடுத்தது குளிரும் அல்ல, வேலையும் அல்ல, பெயர்!

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. வாப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியல், அதன் பிறகு நம் பெயர். அந்த நாட்டில் எல்லாப் படிவத்திலும் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலியாக இருந்தால், கவுன்டரில் இருப்பவர் நம் முகத்தைப் பார்ப்பார். ஒருவர் கோடு போடுவார், இன்னொருவர் பெயரை இரண்டாக வெட்டிப் பாதியைக் குடும்பப் பெயராக்குவார். எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று விதமாக ஆகி, வாப்பாவும் மகனும் ஒரே குடும்பம்தானா என்று கேட்கும் நிலை வந்தது. இது போதாதென்று எழுத்துக் கூட்டல். பள்ளிச் சான்றிதழில் முகமது ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் வேறு மாதிரி. நமக்கு எல்லாம் ஒரே முஹம்மது. அவர்களின் கணினிக்கு மூன்று வேறு ஆட்கள். இதைச் சரி செய்ய 14 மாதம் ஆயிற்று.

அடுத்தது நிக்காஹ். நம் பள்ளிவாசல் தஃப்தர் நமக்குப் பெரிய ஆதாரம். ஆனால் கணவன் மனைவி என்று அந்த நாட்டில் நிரூபிக்க, அரசுப் பதிவு அலுவலகச் சான்றிதழ் வேண்டும், அதன் மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை வேண்டும், பிறகு போர்ச்சுகீசிய மொழிபெயர்ப்பு வேண்டும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் அரசிடம் பதிய வேண்டும் என்பது கட்டாயம். ஆனாலும் நம்மில் எத்தனை வீட்டில் பதிந்திருக்கிறோம்? வெளிநாடு போகாவிட்டாலும் பதிந்து வையுங்கள். விதவையாகி நிற்கும்போது ஓய்வூதியத்துக்கும் சொத்துக்கும் அந்தத் தாள்தான் பேசும். பிள்ளை பிறந்தால் பெயரோடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள். 'பெயர் பிறகு வைக்கலாம்' என்று விட்ட சான்றிதழ்கள் எங்கள் கண் முன்னே திருப்பி அனுப்பப்பட்டிருக்கின்றன.

அங்கே போய் இறங்கினால் வரி எண் ஒன்று, சமூகப் பாதுகாப்பு எண் ஒன்று, அரசு மருத்துவமனை எண் ஒன்று. முகவரிக்கு அந்தப் பகுதியின் 'ஜுன்டா' அலுவலகத்தில் சான்று வாங்க வேண்டும். நம்மூர் வார்டு அலுவலகம் போல வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் சேர்ந்தால்தான் விண்ணப்பம். பிறகு காத்திருப்பு. எங்கள் முதல் அட்டை வர இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. அந்த இரண்டு ஆண்டில் ஊரில் ஒரு மவுத்து நடந்தது. வெளியே வந்தால் திரும்ப முடியுமா என்று தெரியாமல், எங்களில் அங்கே இருந்தவர் தன் வாப்பாவின் ஜனாஸாவுக்கு வரவில்லை. தொலைபேசியில் தொழுகைச் சத்தத்தைக் கேட்டதுதான். இதற்கு ஒரு விலை போட்டு எந்த ஏஜெண்டும் சொல்ல மாட்டார். 2023 அக்டோபரில் பழைய குடியேற்றத் துறையைக் கலைத்துப் புதிய அமைப்பை ஏற்படுத்தியபோது, கிட்டத்தட்ட 4 லட்சம் கோப்புகள் தேங்கிக் கிடந்தன என்று அரசே சொன்னது. ஒவ்வொரு கோப்புக்குப் பின்னாலும் இப்படி ஒரு வீடு இருக்கும்தானே.

சரி, நல்லதையும் சொல்வோம்.

மொழிதான் எங்களுக்கு முதல் ஆச்சரியம். வகுப்பில் முதல் நாள் ஆசிரியை ஒவ்வொரு பொருளாகக் காட்டினார். 'ஜனெலா' என்றார், பார்த்தால் ஜன்னல். 'ஷாவ்' என்றார், சாவி. 'மேஸா' மேசை, 'அர்மாரியு' அலமாரி, 'வராண்டா' வராந்தா, 'மெஷ்த்ரெ' மேஸ்திரி, 'அனனாஷ்' அன்னாசி. அவர்கள் நம் கரைக்கு வந்து விட்டுப்போன சொற்கள். இவ்வளவு நாள் தமிழ் என்று நினைத்திருந்தோம்! இன்னொரு பக்கம் அரபுச் சொற்கள். ஆலிவ் எண்ணெய்க்கு 'அஸெய்ட்', நம் மதரஸாவில் படித்த அஸ்-ஸைத். சர்க்கரைக்கு 'அசூகார்', அஸ்-ஸுக்கர். நாட்டின் தென்கோடி 'அல்கார்வ்', மேற்கு என்று பொருள்படும் அல்-கர்ப். 'ஒஷாலா' என்று ஒரு சொல், அப்படி நடந்தால் நல்லது என்பதற்குச் சொல்வார்கள். சர்ச்சுக்குப் போகும் பாட்டிமார் வாயிலும் வருகிறது. நம் இன்ஷா அல்லாஹ்வின் வழியில் வந்ததுதான்.

வெளிநாட்டவருக்கு இலவச மொழி வகுப்புகளை அரசே மாலையில் நடத்துகிறது. போகிற பிள்ளைகள் வேலை முடிந்து தூங்காமல் அந்த வகுப்பில் உட்காருங்கள். மொழி தெரியாதவனுக்கு அங்கே பாத்திரம் கழுவும் வேலை நிரந்தரம்.

இரண்டாவது, அக்கம்பக்கம். எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டில் எண்பது வயது கடந்த ஒரு பாட்டி இருக்கிறார். முதல் ஆறு மாதம் காலை வணக்கம் மட்டும். அந்த ஊரில் கடைக்குள் நுழைந்தாலும் லிஃப்டில் ஏறினாலும் 'போன் தியா' சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாவிட்டால் வளர்ப்புச் சரியில்லை என்று அர்த்தம். நம் ஸலாம் மாதிரிதான், அதனால் பழகிவிட்டது. ஒரு நோன்பில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். மறுநாள் பாத்திரம் காலியாகத் திரும்பவில்லை, ஆரஞ்சுப் பழம் நிறைந்து வந்தது. காலிப் பாத்திரம் திருப்பாத வழக்கம் நம் ஊரில் மட்டும்தான் என்று நினைத்திருந்தோம்.

அந்தப் பாட்டி ஒரு நாள் ஒரு பாதிப் புகைப்படத்தைக் காட்டினார். அவருடைய வாப்பாவின் முகம் நடுவில் கிழிந்திருந்தது. 1960களில் அங்கே சர்வாதிகார ஆட்சி, வறுமை, ஆப்பிரிக்காவில் போர். லட்சக்கணக்கானோர் மலை வழியாகத் திருட்டுத்தனமாகப் பிரான்சுக்குப் போனார்கள். வழிகாட்டுபவனுக்குப் பணம் உடனே கொடுக்க மாட்டார்கள். படத்தை இரண்டாகக் கிழித்து ஒரு பாதி வீட்டில், ஒரு பாதி போகிறவர் கையில். பிரான்சு போய்ச் சேர்ந்ததும் அந்தப் பாதி ஊருக்கு வரும். இரண்டும் பொருந்தினால்தான் மிச்சப் பணம். பாரிஸ் ஓரத்துத் தகரக் குடிசைகளில் சேற்றில் வாழ்ந்திருக்கிறார்கள். "மகளே, நாங்களும் இப்படிப் போனவர்கள்தான்" என்றார் அந்தப் பாட்டி. நம்மூர் ஏஜெண்டுகளைவிட அந்தக் கடத்தல்காரர்கள் நாணயமானவர்கள் என்று எங்களுக்குத் தோன்றியது. ஆள் போய்ச் சேர்ந்த பிறகல்லவா கூலி!

சாப்பாட்டு விஷயம் சுருக்கமாக. மீன் தின்னும் ஊர், நமக்குத் தோதானது. ஜூன் மாதத் திருவிழாவில் தெருவெங்கும் கரியடுப்பில் சாளை சுடுவார்கள். ஆனால் பன்றி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். 'கால்து வெர்த்' என்ற கீரை சூப்பு, பார்த்தால் மரக்கறி. அடியில் பன்றித் தொத்திறைச்சி ஒரு துண்டு கிடக்கும். 'பான்யா' என்று எழுதியிருந்தால் பன்றிக் கொழுப்பு. போர்ச்சுகீசியத்தில் நாங்கள் முதலில் படிக்கக் கற்றது அந்தச் சொல்தான். பள்ளிக்கூடச் சாப்பாட்டில் சைவ உணவும் இருக்க வேண்டும் என்று 2017இல் சட்டமே வந்தது, அதனால் பிள்ளைக்குப் பிரச்சினை இல்லை.

பெற்றோரின் காகிதம் முடியாவிட்டாலும் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துக்கொள்கிறார்கள், மருத்துவமும் பார்க்கிறார்கள். அதில் குறை சொல்ல முடியாது.

லிஸ்பன் பெரிய பள்ளிவாசல் 1985இல் திறக்கப்பட்டது. அதை எழுப்பியவர்களில் மொசாம்பிக்கிலிருந்து வந்த குஜராத் வம்சாவளி முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். அங்கே ஜும்ஆவில் வயதானவர்கள் குஜராத்தியில் பேசிக்கொள்வதைக் கேட்கலாம். மொராரியா பகுதியில் வங்காளதேசத்துச் சகோதரர்கள் நடத்தும் சிறு தொழுகையிடங்கள் உண்டு. பெருநாள் தொழுகைக்கு மர்த்திம் மொனிஸ் சதுக்கமே நிறைந்துவிடும். 'மொராரியா' என்றாலே முஸ்லிம்களின் குடியிருப்பு என்று பொருள். 1147இல் லிஸ்பன் முஸ்லிம்களின் கையை விட்டுப் போன பிறகு அவர்களை ஒதுக்கி வைத்த இடம் அது. 1496இல் அவர்களையும் யூதர்களையும் நாட்டை விட்டே வெளியேறச் சொல்லி அரசர் ஆணையிட்டார். ஐந்நூறு ஆண்டு கழித்து அதே சந்துகளில் ஹலால் கறிக்கடை. நோன்பு கோடையில் வந்தால் இரவு 9 மணிக்குத்தான் பொழுது சாயும், 17 மணி நேரம். எங்கள் வசதிக்கு இப்போது குளிர்காலத்தை நோக்கி வந்துகொண்டிருக்கிறது.

அந்த ஊரில் எங்களுக்கு உறுத்திய ஒன்றையும் மறைக்க வேண்டாம். ஆற்றைக் கடக்க ஒரு பாலம் உண்டு, 1998இல் திறந்தது, ஏறக்குறைய 17 கிலோமீட்டர் நீளம். அதன் பெயர் வாஸ்கோ ட காமா. பிள்ளை பள்ளியில் அவரை வீரர் என்று படித்துவிட்டு வந்தான். 1502இல் மக்காவிலிருந்து திரும்பிய ஹாஜிகளின் கப்பலைப் பெண்கள், குழந்தைகளோடு கொளுத்தியவர் அவர் என்பதை நாங்கள் சொன்னோம். நம் மரைக்காயர் கப்பல்கள் நம் கடலிலேயே ஓடுவதற்கு அவர்களிடம் 'கர்தாஸ்' என்ற சீட்டு வாங்க வேண்டியிருந்ததையும் சொன்னோம். பையன் யோசித்துவிட்டு, "இப்போ நாம அவங்ககிட்ட கார்டுக்கு வரிசையில நிக்கிறோமே, அது மாதிரியா?" என்றான். ஆசிரியையிடமும் போய்ச் சொல்லியிருக்கிறான். அவர் கோபிக்கவில்லை, வகுப்பில் எழுந்து சொல்லச் சொன்னாராம்.

எல்லோரும் அந்த ஆசிரியை போல இல்லை. வெளிநாட்டவர் வேண்டாம் என்ற குரல் ஐந்தாறு ஆண்டில் பெருத்திருக்கிறது. 2024 டிசம்பரில் நம்மவர்கள் கடை வைத்திருக்கும் பென்ஃபர்மோஸு தெருவில் போலீஸ் சோதனை. ஆண்களை வரிசையாகச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தார்கள். அந்தப் படம் நாடு முழுக்கப் பரவியது. அடுத்த மாதம் 'எங்களைச் சுவரோடு நிறுத்தாதீர்கள்' என்று பெரிய ஊர்வலம் நடந்தது. அதில் போனவர்களில் நம்மவரைவிட போர்ச்சுகீசியர்தான் அதிகம். இரண்டையும் சேர்த்துத்தான் அந்த நாடு. குடியுரிமைக்கு 5 ஆண்டு போதும் என்றிருந்ததை 10 ஆக்கும் சட்டத்தை 2025 அக்டோபரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது, அது நீதிமன்றம் வரை போனது. எப்படி முடிந்தாலும் நாங்கள் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. அந்த பாஸ்போர்ட் வாங்கினால் இந்த பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். வீட்டில் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இரவு ஒரு மணி ஆகிறது, முடிவுக்கு வருவதில்லை.

நாங்கள் இன்னும் 18 நாள் ஊரில் இருப்போம். அஸருக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்போம். யாரிடமாவது வேலை ஒப்பந்தம் என்று ஒரு தாள் இருந்தால், பணம் கட்டுவதற்கு முன் கொண்டு வாருங்கள், படித்துச் சொல்கிறோம். முன்பணம் கொடுத்துவிட்ட அந்த இரண்டு வீட்டாரும் ரசீதோடு வாருங்கள். ரசீது தரவில்லை என்றால் பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரத்தோடு வாருங்கள். பெண்கள் வருவதானால் வெள்ளிக்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு வரலாம். பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ் மூன்றையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள், பெயரின் எழுத்துக்களை முதலில் ஒப்பிட்டுப் பார்ப்போம்.